கேட்டடியில் வெள்ளைக் குட்டி

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலை பத்தரை மணி பாசஞ்சருக்காகக் கேட்டை மூடியிருந்தபோது வரிசையின் கடைசியில் ஒரு சாம்பல் நிறக் கார் நின்றது. ரயில் போனது, கேட்டைத் தூக்கினேன், எல்லா வண்டிகளும் கடந்து போயின. அந்தக் கார் மட்டும் கடக்காமல் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. அது நின்ற இடத்தில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே நாய்க்குட்டி. சுத்த வெள்ளை. மூக்கு ரோஸ் நிறம். கால்கள் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாத நீளம். ராஜபாளையம் ஜாதி என்று பார்த்ததுமே தெரிந்தது. இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு குட்டிக்குச் சொல்லி வைத்துக் காத்திருக்கிறார்கள். கொண்டுவந்து போட்டுவிட்டு ஓடுகிறவனை இன்றுதான் பார்த்தேன்.

பால் வைத்தேன். குடித்துவிட்டுப் பெட்டிக்குள்ளேயே தூங்கிவிட்டது. இரண்டு மணிக்குச் சரக்கு ரயில் இருபதடி தள்ளித் தடதடத்துக்கொண்டு போனது. குட்டி கண்ணைத் திறக்கவில்லை. நல்ல களைப்பு போல.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலை எட்டு மணிக்கு டியூட்டி மாறும்போது ஜெபராஜ் அண்ணனிடம் காட்டினேன். இரவு முழுவதும் கேட்டைப் பார்ப்பவர் அவர், பகல் முழுவதும் நான். பட்டாளத்தில் இருந்து வந்தவர் என்பதால் பக்கத்தில் நிற்பவரிடமும் மைதானத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் பேசுவது போலத்தான் பேசுவார்.

"என்ன தங்கச்சி, கேட்டுக்கு ஆளு போதலைன்னு மனுப் போட்டியே, அனுப்பிட்டாங்களா?" என்றார். சிரித்தேன். நான் சிரித்து நாளாகிவிட்டது.

உப்பு என்று பெயர் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வீட்டுச் சுவருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே நாற்பது அடி. என் உலகமே அந்த நாற்பது அடிதான். டியூட்டி நேரத்தில் கேட்டை விட்டு நகரக்கூடாது. டியூட்டி முடிந்தாலும் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில்தான் இருப்பு. ஊர் மூன்று கிலோமீட்டர். கணவர் இறந்து, அவர் வேலை எனக்கு வந்து, இந்தக் கேட்டுக்குப் போட்டு ஒன்பது வருடம். மகள் வினோதினி மதுரையில் நர்சிங் படிக்கிறாள். அவள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு இங்கே பேச்சுச் சத்தமே இல்லை.

உப்புவை எவ்வளவு கூப்பிட்டாலும் வருவதில்லை. பிடிவாதக் கழுதை.

ஆகஸ்ட் 14, புதன்

தூங்கிக்கொண்டிருந்த உப்புவை முதுகில் தொட்டு எழுப்பினேன். துள்ளி எழுந்து கையைக் கடித்துவிட்டது. கடித்துவிட்டு என்னைப் பார்த்ததும் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு நடுங்கியது. சின்னப் பல்தான், ஆனாலும் ரத்தம். இந்த வாரம் எனக்கு ஓய்வு நாளைதான். ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும், அதையும் காட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 15, வியாழன்

மருந்தகத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு கால்நடை டாக்டரம்மா பார்த்தார். மூக்கு வரை துணி கட்டியிருந்ததால் அவர் சொன்னது எதுவும் பிடிபடவில்லை. இரண்டு மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் எல்லோருமே வாய்க்குள்தான் பேசுகிறார்கள்.

குட்டியை மேஜைமேல் நிறுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எங்கள் பின்பக்கம் போனார். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டீல் தட்டும் கரண்டியுமாக முன்னால் வந்தார். துணியை இறக்கிவிட்டு என்னையே பார்த்தார்.

"மூணு தடவை தட்டினேன்ம்மா. திரும்பவே இல்லையே."

"ஆமா டாக்டர், குட்டி திரும்பலை" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எதற்கென்று தெரியவில்லை. பிறகு சொன்னார்: இந்த ஜாதியில் சுத்த வெள்ளையாகப் பிறக்கும் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வளர்ப்பவர்கள் கண்டுபிடித்ததும் கழித்துவிடுவார்கள். "இதுக்கும் எல்லாம் கத்துக் குடுக்கலாம்மா. கையால பேசணும், அவ்வளவுதான். எழுப்பறப்ப மட்டும் முதுகைத் தொடாதீங்க. மூக்குக்கிட்ட கையைக் காட்டுங்க, வாசம் பிடிச்சு அதுவா முழிச்சுக்கும். பின்னாடி இருந்து யாராச்சும் திடீர்னு தொட்டா யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது?"

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். காது கேட்காத நாய். வீட்டு வாசலில் தண்டவாளம்.

ஆகஸ்ட் 22, வியாழன்

மூன்று சைகை முடிவு செய்தேன். உள்ளங்கையை மேல்நோக்கி உயர்த்தினால் உட்கார். முஷ்டியை நெஞ்சில் வைத்தால் வா. இரண்டு கையையும் மார்புக்கு முன் பெருக்கல் குறி போல் வைத்தால் அசையாமல் நில். அவித்த முட்டையைத் துணுக்குத் துணுக்காக மடியில் கட்டிக்கொண்டேன். உட்கார் வந்துவிட்டது. 'வா' பாதி. 'நில்' வரவே இல்லை. எனக்கு வேண்டியது அதுதான்.

செப்டம்பர் 3, செவ்வாய்

கேட் ஃபோனில் ஏதோ கோளாறு. ரயில் கிளம்பும் முன் ஸ்டேஷனிலிருந்து அதில்தான் கூப்பிடுவார்கள். நான் கேட்டை மூடிவிட்டு ஒரு எண் சொல்ல வேண்டும். அந்த எண்ணை எழுதிக்கொண்ட பிறகுதான் ரயிலை விடுவார்கள். இந்தக் கேட்டில் சிக்னல் இணைப்பு கிடையாது, ஃபோன் ஒன்றுதான். அதன் மணி நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போகிறது. இன்று ஃபோன் ரிப்பேர் செய்பவர் வந்தார். திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"மணி கணீர்னு அடிக்குதேக்கா. நான் ரோட்டுல வண்டிய நிறுத்துறப்பவே காதைப் பொளந்துச்சு."

பழகிய பொருளில் குறை சொன்னால் இவர்களுக்குப் பிடிக்காது. அவர் போன பிறகு ஃபோனுக்கு அடியில் ஒரு தகரத் தட்டை வைத்தேன். தூசி படாமல் இருக்கட்டும் என்றுதான். அடித்தால் தட்டு அதிர்ந்து மேஜையும் அதிர்கிறது. மேஜைமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நிம்மதி.

செப்டம்பர் 10, செவ்வாய்

முகரம் விடுமுறை. வண்டிகள் குறைவு. உப்புவுக்கு முக்கியமான பாடம், அடிக்கொரு தடவை என் முகத்தைப் பார்ப்பது. பார்த்தால் உடனே முட்டை. பார்க்காவிட்டால் ஒன்றும் இல்லை. மாலைக்குள் பத்தடிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. காதை நம்பிப் பயனில்லை என்றால் கண்ணை விடாதே. உலகத்தில் இப்படியும் பிழைக்கலாம்.

செப்டம்பர் 18, புதன்

கயிறு முடிச்சு நழுவி உப்பு கீரிப்பிள்ளையைத் துரத்திக்கொண்டு தண்டவாளத்துக்கு நடுவே போய்விட்டது. நான் கேட்டை மூடி எண் சொல்லிவிட்டு வெளியே வந்தால், அது தண்டவாளத்தின் நடுவில் நின்று கல்லை மோந்துகொண்டிருக்கிறது. வளைவில் இன்ஜின் தெரிகிறது. "உப்பு! உப்பு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். யாரிடம் கத்துகிறேன் என்று எனக்கு உறைக்கவே இல்லை. ஓடிப் போய்க் கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்துக்கொண்டு சரளைக் கல்லில் விழுந்தேன். முழங்கால் கிழிந்துவிட்டது. எழுந்து பச்சைக் கொடியைக் காட்டினேன். டிரைவர் என்னைப் பார்த்து ஏதோ கத்திக்கொண்டே போனார்.

ரயில் போன பிறகு அதை அடித்தேன். ஓர் அடிதான். அது என் முகத்தைப் பார்த்தது, சொல்லிக்கொடுத்தபடி.

செப்டம்பர் 29, ஞாயிறு

தண்டவாளத்துக்குப் பதினைந்து அடி முன்னால் சுண்ணாம்பால் கோடு போட்டேன். கோட்டை மிதித்தால் 'நில்'. நின்றால் கருவாடு. முட்டையைவிடக் கருவாட்டுக்கு மதிப்பு அதிகம். இன்று முப்பது தடவையில் இருபத்தெட்டு தடவை நின்றது.

அக்டோபர் 3, வியாழன்

உப்புவிடம் ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். ரயில் வரும் முன்பே தரையில் அதிர்வு தெரிகிறது அதற்கு. படுத்திருந்தால் தலையைத் தூக்கித் தண்டவாளம் பக்கம் பார்க்கும். ஒரு நிமிடம் கழித்து ரயில். இன்று முழுவதும் சரிபார்த்தேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. ஃபோன் வந்ததோ வரவில்லையோ என்று சந்தேகம் வந்தால் அதைப் பார்த்தால் போதும் என்று ஆகிவிட்டது.

அக்டோபர் 8, செவ்வாய்

வினோ செல்ஃபோனில் கூப்பிட்டாள். இங்கே டவர் சரியில்லை, குரல் தண்ணீருக்கு அடியில் இருந்து வருவது போல் இருந்தது. விஜயதசமி வாழ்த்துச் சொல்லியிருப்பாள். "சரிம்மா, சரி, நல்லது, வேளாவேளைக்குச் சாப்பிடு" என்று சொல்லி வைத்தேன். அதிக நேரம் பேசினால் ஏதாவது கேள்வி கேட்டுவிடுவாள், மாற்றிப் பதில் சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

அக்டோபர் 12, சனி

வினோவுக்கு இரண்டு தடவை மெசேஜ் போட்டேன். படித்திருக்கிறாள். பதில் இல்லை. பரீட்சை நேரம் போல.

அக்டோபர் 17, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் மூன்றரை இருக்கும். உப்புவைக் கயிறு இல்லாமல் கோட்டில் நிறுத்திப் பழக்கிக்கொண்டிருந்தேன். நான் நின்றது வேப்பமரத்தடியில், தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி. ஸ்கூல் வேன் ஒன்று கடந்து போனது. டிரைவர் கையைக் காட்டினார், நானும் காட்டினேன். கேட் திறந்துதான் இருந்தது. உப்பு தலையைத் தூக்கி என் தோளுக்குப் பின்னால் பார்த்தது. கோட்டில் நிற்கச் சொன்னால் எங்கேயோ பார்க்கிறதே என்று நான் மறுபடி கையைக் குறுக்கே வைத்தேன். அது மறுபடி பின்னால் பார்த்தது. மறுபடி நான் கையை வைத்தேன்.

அப்போது யாரோ என் தோளைத் தொட்டார்கள்.

நான் அலறிக்கொண்டு திரும்பிக் கையை வீசிவிட்டேன். அடி அவர் தாடையில் விழுந்தது. ரயிலின் உதவி டிரைவர். அவருக்குப் பின்னால், கேட்டுக்கு முப்பது அடி தள்ளி, இன்ஜின் நின்றுகொண்டிருந்தது. ஒரு முழு ரயில். ஜன்னல்களில் ஆட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா நீங்க! அஞ்சு நிமிஷமா ஹாரன் அடிக்கிறோம்! ஸ்டேஷன்ல இருந்து பத்து தடவை ஃபோன் போட்டிருக்காங்க, எடுக்கலைன்னு மெதுவா போகச் சொல்லி எழுதிக் குடுத்தாங்க. அதனால நிறுத்தினோம். இல்லேன்னா?"

இல்லையென்றால் என்ன என்று எனக்கும் தெரியும். அந்த வேனில் பிள்ளைகள் இருந்தார்கள்.

"நாய்..." என்றேன். "நாய் ஓடிருச்சு சார். அதைப் பிடிக்கப் போயிட்டேன்."

உப்பு கோட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. ஓர் அங்குலம் நகரவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

ரயில்வே இன்ஸ்பெக்டர் வந்தார். அவருக்கும் அதையே சொன்னேன். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். 'நாய் தண்டவாளத்தை நோக்கி ஓடியதால் அதைப் பிடிக்கச் சென்றேன். எனவே ஃபோன் மணி கேட்கவில்லை.' மெமோ கொடுத்தார். மாத முடிவுக்குள் நாய் இந்த இடத்தில் இருக்கக் கூடாது.

"ஒன்பது வருஷத்துல உங்க மேல ஒரு குறை கிடையாதும்மா. ஒரு நாய்க்காக எதுக்கு இந்தக் கெட்ட பேரு?"

தலையாட்டினேன். வேறென்ன செய்ய.

அக்டோபர் 19, சனி

உப்புவைக் கட்டிப் போட்டிருக்கிறேன். மேஜையை விட்டுக் கையை எடுக்கவில்லை. சாப்பிடும்போதும் இடது கை மேஜைமேல்.

அக்டோபர் 21, திங்கள்

மேஜைமேல் கை. குளிக்கப் போனால் இரண்டு செம்பு தண்ணீரில் முடித்துவிட்டு ஓடி வருகிறேன்.

அக்டோபர் 24, வியாழன்

ஜெபராஜ் அண்ணன் உப்புவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னார். திங்கள் அன்று கொண்டுபோவார். அவர் வீட்டில் ஏற்கெனவே இரண்டு நாய்கள். அவர் சைகைகளைக் கேட்டுக்கொண்டார். 'வா' காட்டினேன், 'உட்கார்' காட்டினேன். 'நில்' காட்டும்போது கையைக் குறுக்கே வைத்தவள் அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணன் என் கையைப் பார்த்தார். ஃபோனுக்கு அடியில் இருந்த தகரத் தட்டைப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

அக்டோபர் 26, சனி

தீபாவளிக்கு வினோ வந்திருக்கிறாள். கேட்டடியில் பஸ்ஸை நிறுத்தி இறங்கினாள். பாதி உடம்பாகிவிட்டாள். கழுத்தெலும்பு தெரிகிறது. கன்னத்தைத் தொடப் போனேன், விலகிக்கொண்டாள்.

"என்னடி இப்படி இளைச்சிட்ட?"

"உனக்குத் தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

"டெங்குன்னு ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க, பயமா இருக்கு, வாம்மான்னு ஃபோன் பண்ணேன்ல. விஜயதசமி அன்னைக்கு. அழுதுகிட்டே சொன்னேன். நீ என்ன சொன்ன? 'சரிம்மா, நல்லது, வேளாவேளைக்குச் சாப்பிடு.' அஞ்சு நாளு ட்ரிப்ஸ் ஏத்திக்கிட்டுக் கெடந்தேன். பக்கத்து பெட்டு அம்மாதான் கஞ்சி ஊத்துனாங்க. அவங்க கேட்டாங்க, 'ஒனக்கு அம்மா இல்லையா பாப்பா'ன்னு."

வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள். உள்ளே போய்க்கொண்டே இன்னும் ஏதோ சொன்னாள். முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னதால், அது என்னவென்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அக்டோபர் 27, ஞாயிறு. தீபாவளி

ஊர்ப் பக்கம் வானத்தில் வெளிச்சம். இந்த வருடம் வெடி போடுகிறவர்கள் குறைவு போலிருக்கிறது என்று வினோவிடம் சொன்னேன். அவள் வெடிச் சத்தம் வந்துகொண்டிருந்த திசையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் என் எதிரில் வந்து உட்கார்ந்து, என் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"எத்தனை நாளாம்மா?"

இரண்டு வருடம் என்றேன். இடது காது அதற்கும் முன்பே போய்விட்டது. அந்த வார்த்தையை முதல் தடவையாக வாயால் சொன்னேன். இங்கேயும் இப்போதுதான் எழுதுகிறேன். எனக்குக் காது கேட்பதில்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா கேட்டை விட்டு எடுத்துருவாங்க."

"எடுத்தா என்ன?"

ஒன்பது வருடமாக எந்த இடத்தை விட்டு எப்போது போவோம் என்று இருந்தேனோ, அந்த இடத்தை விட்டு எடுத்துவிடுவார்களே என்று பயந்து கிடந்திருக்கிறேன். அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 28, திங்கள்

ஜெபராஜ் அண்ணன் கயிறும் கூடையுமாக வந்தார். உப்பு வாலை ஆட்டியது.

"அண்ணே, நாய் மேல தப்பு இல்ல. அது நின்ன இடத்துலதான் நின்னுச்சு. எனக்குத்தான் கேக்கலை."

அவர் கூடையைக் கீழே வைத்தார். "தெரியும் தங்கச்சி. பீரங்கிகிட்ட நின்னவனுக பாதிப் பேரு இப்படித்தான். பாத்தா தெரிஞ்சிரும். அதுக்குத்தானே நான் கத்திக் கத்திப் பேசுறது. எம் பொண்டாட்டிகிட்ட இப்படியா பேசுவேன், சோறு கெடைக்குமா?"

நான் அவர் சத்தக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சும் சொல்லலையேண்ணே."

"அதாம்மா ராத்திரி படுத்தா உறுத்துது. அன்னைக்கு ரயிலு நிக்காம வந்து அந்த வேன்ல மோதியிருந்தா ஒம் மேல மட்டுமா பழி? எம் மேலயுந்தான். நீயே சொல்லிரு. நீ சொல்லலைன்னா நாளைக்கு நான் சொல்லிருவேன்." கோபமாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது.

அக்டோபர் 29, செவ்வாய்

எழுதிய வாக்குமூலம் பொய் என்று ஒரு கடிதம் எழுதி ஸ்டேஷன் மாஸ்டர் சந்தானம் சாரிடம் கொடுத்தேன். வினோ கூட வந்தாள். அவர் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி படித்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டினார். நியாயமான திட்டு, ஒரு வார்த்தை விடாமல் உதட்டைப் பார்த்து வாங்கிக்கொண்டேன். கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

இன்று மாலையே கேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். கொடிகள், விளக்கு, சாவி, ரிஜிஸ்தர் எல்லாவற்றையும் மாற்று ஆளிடம் எண்ணிக் கொடுத்தேன். மெமோ நிற்கிறது, பொய் சொன்னதற்குத் தனியாக விசாரணை உண்டு. காது சோதனைக்குப் பிறகு வேறு வேலை கொடுப்பார்களா, எங்கே, எதுவும் தெரியாது. அறையைக் காலி செய்ய ஒரு மாதம்.

நவம்பர் 6, புதன்

ரயில்வே ஆஸ்பத்திரி. உப்பு அண்ணன் வீட்டில். வினோ வெளியே பெஞ்சில்.

இந்தச் சோதனையில் இதற்கு முன் நான் பாஸானவள். கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் பட்டனைக் கொடுப்பார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் தோள், சத்தம் கொடுக்கும்போதெல்லாம் இலேசாக அசையும். போன தடவை தோளைப் பார்த்துப் பார்த்து அமுக்கினேன்.

இன்று நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். சுவரில் பச்சைப் பெயிண்ட். பட்டனில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப நேரம் எதுவும் வரவில்லை. வராததை வரவில்லை என்று விட்டுவிட்டேன். எங்கேயோ தூரத்தில் ஒன்று வந்தது, அமுக்கினேன். பிறகு மறுபடி ஒன்றுமில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் மேஜை எதையும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் காகிதத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டே ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். தலையாட்டப் போனேன், பாதியில் நிறுத்திவிட்டேன்.

"எனக்குக் காது கேக்காது சார். என்னைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.